நாள் கணக்கும் மில்லிமீட்டர் கணக்கும்

வாசகர் கேள்வி – பதில்: முதல் மூன்று மாத ஸ்கேன்

கருவை ஸ்கேனில் அளப்பது பற்றி நீலகிரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எனக்கு மாதவிடாய் எப்போதுமே 40 நாளுக்கு ஒருமுறைதான் வரும். கடைசி மாதவிடாய் தொடங்கியதிலிருந்து 48-ஆம் நாள் வீட்டிலேயே யூரின் டெஸ்ட் எடுத்தேன், பாசிட்டிவ். 62-ஆம் நாள் எடுத்த ஸ்கேனில் '7 வாரம் 1 நாள், சி.ஆர்.எல். 10 மி.மீ., இதயத்துடிப்பு உள்ளது' என்று இருக்கிறது. கணக்குப்படி 9 வாரம் ஆகப்போகிறதே, குழந்தை வளரவில்லையோ என்று மாமியார் கலங்குகிறார். – வாசகி, கோத்தகிரி

கலங்க வேண்டாம். உங்கள் மாமியாரை உட்காரவைத்து இந்தக் கழித்தலைப் போட்டுக் காட்டுங்கள். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள் என்று பிரசவ தேதி போடும் வழக்கம், 28 நாள் சுழற்சி உள்ள பெண்களை வைத்து வந்தது. அவர்களுக்குச் சுமார் 14-ஆம் நாள் கருமுட்டை வெளியாகும். 40 நாள் சுழற்சி என்றால் அது 26-ஆம் நாள் வாக்கில் நடக்கும். 12 நாள் தாமதம். 62-இல் 12 போனால் 50. ஐம்பது நாள் என்பது 7 வாரம் 1 நாள். ஸ்கேன் சொன்னதும் அதையேதான்.

சி.ஆர்.எல். என்பது உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரை கருவின் நீளம். கால்கள் கணக்கில் சேராது. முதல் மூன்று மாதத்தில் எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கின்றன. அப்பா உயரமா, அம்மா ஒல்லியா என்பதெல்லாம் இந்தக் கட்டத்தில் பெரிதாகத் தெரியாது. அதனால்தான் நீளத்தை வைத்து வயதைச் சொல்ல முடிகிறது, அதிலும் 5 முதல் 7 நாள் வரைதான் முன்பின் இருக்கும். கிளாஸ்கோவில் ராபின்சன் 1973-இல் இந்த அளவை முதலில் விவரித்தார், 1975-இல் ஃபிளெமிங்குடன் சேர்ந்து அதற்குச் சூத்திரம் கொடுத்தார். இன்றும் பல மெஷின்களுக்குள் அந்தச் சூத்திரம்தான் ஓடுகிறது. அதன்படி 10 மி.மீ. என்றால் 7 வாரம் 1 நாள், 20 மி.மீ. என்றால் 8 வாரம் 4 நாள், 32 மி.மீ. என்றால் 10 வாரம், 54 மி.மீ. என்றால் 12 வாரம்.

எந்தத் தேதியை ஏற்பது என்பதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் வழிமுறை இது. மாதவிடாய்க் கணக்குப்படி 8 வாரம் 6 நாளுக்குள் ஸ்கேன் எடுத்து, இரண்டு கணக்குக்கும் 5 நாளுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்ள வேண்டும். 9 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை 7 நாளுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மாற்ற வேண்டும். அதற்குள் இருந்தால் மாதவிடாய்த் தேதியே இருக்கட்டும். உங்களுக்கு வித்தியாசம் 12 நாள், எனவே தேதி மாறுகிறது.

யூரின் டெஸ்ட் எடுத்த நாளை நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. 30-ஆம் நாளே பாசிட்டிவ் வந்திருந்தால், கரு 26-ஆம் நாள் உருவானது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் கரு ஒட்டி ஹார்மோன் சுரக்க இன்னும் ஒரு வாரமாவது வேண்டும். அப்படியிருந்தால் 12 நாள் குறைவை உண்மையிலேயே கவலையோடு பார்க்க வேண்டியிருக்கும். 48-ஆம் நாள் என்பதால் உங்கள் கணக்கு இடிக்கவில்லை. சந்தேகம் தீராவிட்டால் 10 நாள் கழித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இந்த வாரங்களில் கரு நாளொன்றுக்குச் சுமார் 1 மி.மீ. நீளும். 10 மி.மீ. என்பது 20-ஐ நெருங்கியிருந்தால் வளர்ச்சி சரி. ஒரே ஒரு அளவு வயதை மட்டும்தான் சொல்லும். வளர்ச்சியைச் சொல்ல இரண்டு அளவும் நடுவில் சில நாளும் வேண்டும்.

எல்லோருக்கும் ஒன்று. நம் வீடுகளில் 'எப்போது தலைக்குக் குளித்தாய்?' என்றுதான் கேட்பார்கள், ஆஸ்பத்திரியிலும் அந்தத் தேதியே வாயில் வரும். அது மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ. டாக்டர் கேட்பது ரத்தப்போக்கு தொடங்கிய முதல் நாளை. இந்த இடத்திலேயே பலருக்கு நாலைந்து நாள் தவறிப்போகிறது.

ஸ்கேன் பயிற்சியில் இருக்கிறேன். ஒரே தாய்க்கு ஒரே உட்காரலில் மூன்று முறை சி.ஆர்.எல். எடுத்தேன். 38, 41, 46 என்று வந்தது. சராசரி போட்டால் சரியாகிவிடுமா? – பயிற்சி மருத்துவர், கூடலூர்

ஆகாது. 38 மி.மீ. என்றால் 10 வாரம் 4 நாள், 46 மி.மீ. என்றால் 11 வாரம் 2 நாள். ஒரே குழந்தைக்கு 5 நாள் வித்தியாசம். நல்ல மூன்று படங்களின் சராசரிக்குத்தான் மதிப்பு உண்டு. இதில் ஒரு படமாவது கோளாறான படம்.

46 எப்படி வந்திருக்கும் என்று முதலில் பாருங்கள். குழந்தை தலையைப் பின்னால் அண்ணாந்திருந்தால் நீளம் கூடும். தலைக்குப் பக்கத்தில் யோக் சாக் (கருவுக்கு ஆரம்பத்தில் ஊட்டம் தரும் சிறு பை) ஒட்டிக்கிடந்து அதையும் சேர்த்து அளந்தால் கூடும். பிட்டத்துக்குப் பதிலாகத் தொடையில் கேலிபர் (திரையில் அளவு எடுக்கும் குறி) வைத்தால் கூடும். கெயினை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் அமைப்பை) அதிகமாக ஏற்றிவிட்டால் விளிம்புகள் வெள்ளையாகப் பரவும், இரண்டு முனையிலும் அரை அரை மில்லிமீட்டர் சேர்ந்துவிடும். 38-க்குக் காரணம் இதற்கு நேர்மாறு: தாடை நெஞ்சில் பட, குழந்தை சுருண்டு கிடந்திருக்கும். அல்லது புரோப் (கையில் பிடித்து வயிற்றில் வைக்கும் கருவி) சாய்ந்து, நடுக்கோட்டில் வெட்டாமல் குறுக்கே வெட்டியிருக்கும்.

சரியான படம் இப்படி இருக்கும். குழந்தை திரையில் கிடைமட்டமாகப் படுத்திருக்கும். நெற்றி, மூக்கு, தாடை ஒரு பக்கமும் முதுகுத்தண்டு முழு நீளமும் ஒரே வெட்டில் தெரியும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் பனிக்குட நீர் கறுப்பாக ஒரு சிறு முக்கோணம்போல் நிற்கும். அந்தக் கறுப்பு இல்லையென்றால் குழந்தை குனிந்திருக்கிறது. தலையின் வெளிவிளிம்பும் பிட்டத்தின் வெளிவிளிம்பும் கூர்மையாக, இரண்டு பக்கமும் நீரால் பிரிந்து தெரிய வேண்டும். படத்தைப் பெரிதாக்கி, குழந்தை திரையின் பெரும்பகுதியை நிரப்பும்படி வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் படத்தில் கேலிபர் ஒரு புள்ளி நகர்ந்தாலே ஒரு நாள் நகரும்.

பிறகு ஃப்ரீஸ் செய்து சினிலூப்பில் (மெஷின் பதிந்துவைத்த கடைசிச் சில நொடிப் படங்களில்) பின்னால் நகர்த்தி நல்ல ஃபிரேமைத் தேடுங்கள். கேலிபரின் கூட்டல்குறி நடுப்புள்ளி தோலின் வெளிவிளிம்பில் உட்கார வேண்டும். ஃப்ரீஸை எடுத்துவிட்டு, புதிதாகப் படம் பிடித்து இரண்டாவது, மூன்றாவது அளவை எடுங்கள். ஒரே படத்தில் மூன்று முறை கேலிபர் வைப்பது மூன்று அளவாகாது. மூன்றும் 2 மி.மீ.-க்குள் நின்றால் சராசரியை எழுதலாம்.

குழந்தை சுருண்டே கிடந்தால் அவசரப்பட வேண்டாம். தாயை இருமச் சொல்லுங்கள், ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். அதற்கும் திரும்பாவிட்டால் பத்து நிமிடம் வராந்தாவில் நடந்துவிட்டு வரட்டும். வெளியே பெஞ்சு நிறையக் கூட்டம் இருந்தாலும் இந்தப் பத்து நிமிடம் கொடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் இந்த எண் அந்தத் தாயின் கூடவே கடைசி வரை போகப்போகிறது.

ஏழு வாரத்துக்கு முன்னால் தலை எது பிட்டம் எது என்று தெரியாது. யோக் சாக் ஒரு குட்டி மோதிரம்போல் இருக்கும், அதன் ஓரத்தில் கரு ஓர் அரிசிமணிபோல் ஒட்டியிருக்கும். அப்போது மிக நீண்ட நீளத்தை அளப்பதுதான் முறை. மறுபக்கம், 84 மி.மீ. தாண்டிவிட்டால் சி.ஆர்.எல்.லை நம்பாதீர்கள். குழந்தை வளைந்து நெளியத் தொடங்கிவிடும். அதற்குமேல் தலைச் சுற்றளவைக் கொண்டு வயது சொல்ல வேண்டும்.

மெஷினிலும் கண் வையுங்கள். கரண்ட் போய் வந்தபின் மெஷினின் தேதி சரியாக இருக்கிறதா என்று தினமும் காலையில் பாருங்கள். அது தவறினால் மாதவிடாய்க் கணக்கு வாரங்கள் எல்லாமே தவறும். ராபின்சனா ஹாட்லாக்கா, எந்த அட்டவணை போட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் வாரத்தை மட்டும் எழுதாமல் மில்லிமீட்டரையும் எழுதுங்கள். வேறோர் ஊர் டாக்டர் நாளைக்கு வேறோர் அட்டவணையில் போட்டுப் பார்க்க அந்த எண்தான் வேண்டும்.

இதயத்துடிப்பை எண்ண எம்-மோடு (அசைவைக் கோடாக வரைந்து காட்டும் முறை) போதும். 6 வாரத்தில் நிமிடத்துக்கு 100-க்குச் சற்று மேலே தொடங்கி 9 வாரத்தில் 170-ஐத் தொட்டு, பிறகு மெல்ல இறங்கும். அந்தத் துடிப்புச் சத்தத்தைக் கேட்கவைக்கும் ஆசையில் பல்ஸ்டு டாப்ளரை ஆரம்ப வாரங்களில் போடாதீர்கள். அது ஒரே சிறு புள்ளியில் அதிக சக்தியைக் குவிக்கிறது. தேவையான அளவுக்கு மட்டும், தேவையான நேரத்துக்கு மட்டும் ஒலி அனுப்புவதே முறை.

எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன். நாள் கணக்கு 7 வாரம். உள்வழி (பிறப்புறுப்பு வழி) ஸ்கேனில் 'சாக் சராசரி 12 மி.மீ., யோக் சாக் தெரிகிறது, கரு தெரியவில்லை' என்று வந்தது. ஓரிடத்தில் கிளீன் பண்ணிவிடலாம் என்கிறார்கள், இன்னோரிடத்தில் பொறுக்கச் சொல்கிறார்கள். – வாசகி, பந்தலூர்

பொறுங்கள். கரு நின்றுபோனது என்று ஒரே ஸ்கேனில் உறுதியாகச் சொல்ல உள்வழி ஸ்கேனில் இரண்டு எல்லைகள் உண்டு. சாக்கின் (கரு வளரும் நீர்ப்பையின்) சராசரி விட்டம் 25 மி.மீ. ஆகியும் உள்ளே கரு இல்லாமல் இருக்க வேண்டும். அல்லது கருவின் நீளம் 7 மி.மீ. ஆகியும் இதயத்துடிப்பு இல்லாமல் இருக்க வேண்டும். இதற்குக் கீழே உள்ள எந்த அளவிலும் முடிவு எடுக்கக் கூடாது. முன்பு இதைவிடச் சிறிய எல்லைகளை வைத்திருந்தார்கள். நல்ல கர்ப்பங்களும் தவறாகக் கலைக்கப்பட்டுவிடலாம் என்று தெரிந்தபின்தான் எல்லையை உயர்த்தினார்கள்.

சாக்கை நீளம், அகலம், ஆழம் என்று மூன்று பக்கம் அளந்து, கூட்டி, மூன்றால் வகுத்தால் வருவது சராசரி விட்டம். அதோடு 30-ஐக் கூட்டினால் கர்ப்பத்தின் நாள் தோராயமாக வரும். 12 + 30 = 42, அதாவது 6 வாரம். அந்த வயதில் கரு கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது வழக்கமே. உங்களுக்கு ஒரு வாரம் தள்ளிக் கரு பிடித்திருக்கலாம்.

யோக் சாக் தெரிந்துவிட்டதால் குறைந்தது 11 நாள் கழித்து மறு ஸ்கேன் எடுங்கள். அதற்குள் துடிப்போடு கரு தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அப்போது டாக்டர் சொல்வதைக் கேட்கலாம். யோக் சாக்கும் தெரியாமல் சாக் மட்டும் இருப்பவர்களுக்கு இந்த இடைவெளி 14 நாள்.

கர்ப்பப்பைக்குள் யோக் சாக் தெரிந்தது உங்களுக்கு இன்னொரு நிம்மதி. குழாயில் கரு தங்கியிருக்கும் பயம் ஏறக்குறைய போய்விட்டது. ஆனால் யூரின் டெஸ்ட் பாசிட்டிவாகி, ஸ்கேனில் இன்னும் ஒன்றுமே தெரியாதவர்கள் இதை மனதில் வையுங்கள். ஒரு பக்கமாக அடிவயிற்று வலி, தோள்பட்டை வலி, தலைசுற்றி மயக்கம், இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பந்தலூரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு இறங்கவே நேரம் பிடிக்கும்.

ஊட்டி உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் குறைவு. அதனால் குழந்தை சின்னதாகப் பிறக்கும் என்கிறார்களே? – வாசகர், உதகை

உதகை சுமார் 2240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. உயரம் ஏற ஏறப் பிறப்பு எடை குறைவது உண்மை. அமெரிக்காவின் கொலராடோவில் கணக்கெடுத்தபோது 1000 மீட்டருக்குச் சுமார் 100 கிராம் வீதம் குறைந்தது. அந்தக் குறைவு பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில் விழுவது. 12 வாரத்துக் குழந்தையின் நீளத்தை வைத்துத் தேதி போடுவதற்கு உயரம் தடையாக நிற்காது.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. உலகம் முழுக்கப் பயன்படும் இன்டர்குரோத் வளர்ச்சி அட்டவணைக்காக நாக்பூர் உட்பட எட்டு ஊர்களில் தாய்மார்களை அளந்தார்கள். அந்த ஊர்களைத் தேர்ந்தெடுக்க வைத்த வரம்பு 1600 மீட்டர். நம் உதகையும் குன்னூரும் அதற்கு மேலே. ஆனாலும் 'மலைக் குழந்தை, சின்னதாகத்தான் இருக்கும்' என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். அட்டவணையில் கீழே விழும் குழந்தைக்கு முதலில் தாயின் ஹீமோகுளோபினையும் ரத்த அழுத்தத்தையும் பாருங்கள். புகைபோக்கி இல்லாத விறகடுப்புப் புகையையும் வீட்டில் யாராவது பிடிக்கும் பீடியையும் கேளுங்கள். உயரத்தை நாம் மாற்ற முடியாது, இவற்றை மாற்றலாம்.

சுருக்கமாகச் சில

கூடலூரிலிருந்து நடுவட்டம் வழியாக பஸ்ஸில் வந்தால் கரு கலையுமா? கலையாது. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்திதான் வரும். ரத்தப்போக்கு இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

தண்ணீர் எப்போது குடிப்பது? ஆரம்ப வாரங்களில் வயிற்றின் மேல் ஸ்கேன் எடுக்க நிறைந்த சிறுநீர்ப்பை உதவும். வீட்டிலேயே குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் பஸ்ஸில் தவிக்காதீர்கள். வந்து சேர்ந்தபின், ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்பு அரை முதல் முக்கால் லிட்டர் போதும். அளவுக்கு மீறி நிறைந்தால் சாக் நசுங்கி அளவு கெடும். உள்வழி ஸ்கேனுக்குச் சிறுநீர் கழித்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

ஏன் இத்தனை கையெழுத்து வாங்குகிறார்கள்? 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு கர்ப்ப ஸ்கேனுக்கும் எஃப் படிவம் நிரப்ப வேண்டும். ஆணா பெண்ணா என்று சொல்வதும் கேட்பதும் குற்றம். அடையாள அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள்.

எங்கள் பகுதியில் பழங்குடித் தாய்மார்களில் சிலருக்கு அரிவாள் செல் ரத்தசோகை இருக்கிறது. 'வயிறு தெரிந்தபின் ஸ்கேன் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுகிறார்கள். என்ன சொல்லி அழைத்துவருவது? – கிராம சுகாதாரச் செவிலியர், கூடலூர் பகுதி

இவர்களுக்குத்தான் முதல் ஸ்கேன் எல்லோரையும்விட அவசியம். அரிவாள் செல் நோயில் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டு, பின்மாதங்களில் குழந்தையின் வளர்ச்சி குறையும் வாய்ப்பு அதிகம். அதைப் பிடிக்க 24 வாரத்திலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை வளர்ச்சி ஸ்கேன் எடுப்பார்கள். 28 வாரம் என்று நினைப்பது உண்மையில் 24 ஆக இருந்தால் அந்த ஸ்கேன்கள் அத்தனையும் வீண். பாட்டியிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'விதைத்த நாள் தெரியாமல் பயிர் குட்டையா நெட்டையா என்று எப்படிச் சொல்வீர்கள்?'

8 முதல் 13 வாரத்துக்குள் அழைத்துவாருங்கள். அதே வருகையில் கணவருக்கும் ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள், அவரும் அந்த மரபணுவைச் சுமப்பவரா என்று தெரிய வேண்டும். நோய் உள்ள தாய்க்கு ஃபோலிக் அமிலம் தினம் 5 மி.கி. தேவைப்படும். 12 வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்க வேண்டுமா என்பதை டாக்டர் சொல்வார். அந்த 12 வாரத்தையும் முதல் ஸ்கேன்தான் சொல்ல வேண்டும்.

என் மகளுக்கு மூன்று ஸ்கேனில் மூன்று பிரசவ தேதி. ஜூன் 10-இல் சி.ஆர்.எல். 54 மி.மீ., தேதி டிசம்பர் 23. ஆகஸ்ட் 5-இல் எடுத்தபோது டிசம்பர் 26. அக்டோபர் 28-இல் எடுத்ததில் '29 வாரம் 4 நாள், ஜனவரி 9' என்கிறார்கள். குழந்தைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? – வாசகி, குன்னூர்

அம்மா, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம்.

உங்கள் மகளின் தேதி டிசம்பர் 23, அது மாறாது. 54 மி.மீ. என்பது சரியாக 12 வாரம். அங்கிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 5 அன்று 20 வாரம். அன்று வந்த மூன்று நாள் வித்தியாசத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை. அக்டோபர் 28 அன்று 32 வாரம். அன்று குழந்தையின் அளவுகள் 29 வாரம் 4 நாள் குழந்தைக்கு உரியவையாக இருக்கின்றன. 17 நாள் குறைவு.

மெஷினுக்கு உங்கள் மகளின் முதல் ஸ்கேன் தெரியாது. தலையையும் வயிற்றையும் தொடை எலும்பையும் அளந்து, 'இந்த அளவுள்ள சராசரிக் குழந்தைக்கு இத்தனை வாரம்' என்று மட்டும் சொல்லும். கடைசி மாதங்களில் ஒரே வயதுள்ள குழந்தைகள் பெரிதும் சிறிதுமாகப் பிரிந்துவிடுவதால் இந்த முறையில் வயதைக் கணித்தால் மூன்று வாரம்கூடத் தவறலாம். அந்த ஜனவரி 9-ஐ உண்மைத் தேதியாக்கிவிட்டால் என்ன ஆகும்? சிறுத்துப்போன குழந்தை காகிதத்தில் சரியான குழந்தையாகிவிடும். தேட வேண்டிய குறையை நாமே அழித்துவிடுவோம். பிறகு டிசம்பர் 23 தாண்டியும் 'இன்னும் நாள் இருக்கிறது' என்று காத்திருப்பார்கள். சரியாக உணவூட்டாத நஞ்சுக்கொடியோடு அந்தக் காத்திருப்பு ஆபத்தானது.

மூன்று ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே மகப்பேறு டாக்டரைப் பாருங்கள். 'முதல் ஸ்கேன்படி 32 வாரம். குழந்தை சிறியதாக இருக்கிறதா?' என்று கேளுங்கள். மதிப்பிட்ட எடை அதே வாரக் குழந்தைகள் நூறு பேரில் கடைசிப் பத்துக்குள் வருகிறதா என்று பார்ப்பார். தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தை டாப்ளரில் பார்ப்பார். இந்த வயதில் டாப்ளருக்குப் பயப்பட வேண்டியதில்லை. பனிக்குட நீரை அளப்பார். தேவைப்பட்டால் இரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்து வளர்ச்சி வேகத்தைக் கணிப்பார். எல்லாம் சரியாக இருந்து, பிறவியிலேயே சிறிய உடல்வாகு என்றும் முடியலாம். அதை டாக்டர் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும், தேதியை மாற்றித் தீர்மானிக்கக் கூடாது. குழந்தையின் அசைவு குறைந்ததாக மகள் சொன்னால் அன்றே கிளம்புங்கள்.

ஜூன் 10 ரிப்போர்ட் பத்திரமாக இருக்கட்டும். அதோடு வந்த கறுப்பு வெள்ளைப் படம் வெப்பத்தால் அச்சாகும் தாள். பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோனால், சூட்டில் முழுத் தாளும் கறுத்து எதுவும் தெரியாமல் போகும். மலை ஈரத்தில் வைத்திருந்தாலும் சில மாதத்தில் மங்கும். இன்றைக்கே போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தாய்–சேய் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பேனாவால் எழுதிவையுங்கள்: 'ஜூன் 10 – சி.ஆர்.எல். 54 மி.மீ. – 12 வாரம் – பிரசவ தேதி டிசம்பர் 23.'